ஆங்கிலப் பெயர்ச்சொல்லும் அதன் முன்னிடைச்சொல்லும்: தமிழில் சிந்திப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நாள் முழுவதும் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுபவர்களுக்கும், 'இந்த இடத்தில் இன் போடுவதா, ஆன் போடுவதா, அட் போடுவதா' என்று ஒரு நொடி கை நின்றுவிடும் அனுபவம் இருக்கும். காலம், ஒருமை பன்மை, செயப்பாட்டு வினை என எல்லாவற்றையும் கற்றுத் தேர்ந்த பிறகும் இந்தச் சின்னஞ்சிறு சொற்கள் மட்டும் பிடிபடாமலே இருப்பதற்குக் காரணம் சோம்பலோ அறிவுக் குறைவோ அல்ல. அவற்றை நாம் தவறான கோணத்திலிருந்து படிக்கத் தொடங்கியதுதான். பள்ளியில் 'இன் என்றால் உள்ளே, ஆன் என்றால் மேலே' என்று பொருளை மனப்பாடம் செய்தோம். ஆனால் அன்றாட ஆங்கிலத்தில் எந்த முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்) வர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் பொருள் அல்ல, பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது.

படி 1: கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள்

'பஸ்ஸில் வந்தேன்', 'வீட்டில் இருந்தேன்', 'சுவரில் மாட்டினேன்', 'காலையில் பார்த்தேன்' என்ற நான்கு வாக்கியங்களிலும் தமிழுக்கு 'இல்' என்ற ஓர் உருபே போதுமானது. ஆங்கிலத்தில் அவை முறையே 'ஆன் தி பஸ்', 'அட் ஹோம்', 'ஆன் தி வால்', 'இன் தி மார்னிங்' என்று பிரிகின்றன. ஆகவே 'இல் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?' என்ற கேள்விக்கு விடையே கிடையாது. 'மார்னிங் என்ற சொல் எதைத் தன்னோடு அழைத்து வருகிறது?' என்று கேட்டால் உடனே விடை உண்டு.

தமிழ் தன் வேற்றுமைகளைச் சொல்லின் இறுதியில் ஒட்டிவைத்திருக்கிறது. தொல்காப்பியம் விளியையும் சேர்த்து எட்டு வேற்றுமைகளை எண்ணுகிறது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படி இருந்தது. 1066ஆம் ஆண்டின் நார்மன் படையெடுப்புக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டான்' என்றால் கல், 'ஸ்டானெஸ்' என்றால் கல்லின், 'ஸ்டானே' என்றால் கல்லுக்கு, 'ஸ்டானும்' என்றால் கற்களுக்கு. முன்னிடைச்சொற்கள் அப்போதும் இருந்தன. ஆனால் இந்த ஈறுகள் தேய்ந்து மறைந்தபோது அவை சுமந்த வேலையின் பெரும்பகுதியும் முன்னிடைச்சொற்களின் தோளில் ஏறிவிட்டது. நம் 'கு', 'இல்', 'இன்' ஆகியவை பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதைப் போலவே அவர்களுடைய சொற்களும் பெயரோடு ஒட்டியவைதான். ஒட்டும் இடம் மட்டும் பின்னாலிருந்து முன்னால் வந்திருக்கிறது. நம் ஐந்தாம் வேற்றுமை உருபான 'இன்' வேறு, ஆங்கில 'இன்' வேறு. ஒலி ஒற்றுமையைக் கண்டு உறவு கொண்டாட வேண்டியதில்லை.

படி 2: காலப் பெயர்களை மூன்று அளவுகளாகப் பிரியுங்கள்

எளிதானதிலிருந்து தொடங்குவோம். கடிகாரம் காட்டும் புள்ளிக்கு 'அட்', நாளுக்கு 'ஆன்', நாளைவிட நீண்ட காலத்துக்கு 'இன்'. இந்திய விடுதலையைச் சொல்லும் ஒரே வாக்கியத்தில் இவற்றைப் பார்த்துவிடலாம்: 'அட் மிட்நைட்', 'ஆன் 15 ஆகஸ்ட்', 'இன் 1947'. நாளின் பகுதிகளுக்கு 'இன் தி மார்னிங்', 'இன் தி ஈவினிங்' என்று வரும். இரவுக்கு மட்டும் 'அட் நைட்'. ஆனால் காலை என்ற சொல்லோடு கிழமை சேர்ந்துவிட்டால் கிழமையே வெல்லும் என்பதால் 'ஆன் மண்டே மார்னிங்' என்றுதான் எழுத வேண்டும். வார இறுதிக்குப் பிரிட்டன்காரர்கள் 'அட் தி வீக்கெண்ட்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'ஆன் தி வீக்கெண்ட்' என்பார்கள், இரண்டும் சரியே. 'நெக்ஸ்ட்', 'லாஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' ஆகியவை முன்னால் வந்தால் எதுவுமே வேண்டாம்: 'நெக்ஸ்ட் மண்டே' போதும், 'ஆன் நெக்ஸ்ட் மண்டே' கூடாது.

இந்தப் பகுதியில் தமிழர்கள் மிக அதிகமாகத் தவறுவது 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டிலும்தான். 'ஐந்து வருடமாக' என்று தமிழில் 'ஆக' வந்தால் ஆங்கிலத்தில் 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. '2019இலிருந்து' என்று தொடங்கிய புள்ளியைச் சொன்னால் 'சின்ஸ் 2019'. 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதக் கை போகும்போது, மனதுக்குள் தமிழில் 'ஆக' ஒலிக்கிறதா 'இலிருந்து' ஒலிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தாய்மொழி நமக்குத் துணை நிற்கும் அரிய இடங்களில் இது ஒன்று.

படி 3: இடப் பெயர்களைப் புள்ளி, பரப்பு, அடைப்பு என்று பாருங்கள்

ஆங்கிலம் ஓர் இடத்தை மூன்று விதமாகப் பார்க்கிறது. வரைபடத்தில் வைத்த பொட்டாகப் பார்த்தால் 'அட்', தொட்டு நிற்கும் பரப்பாகப் பார்த்தால் 'ஆன்', சுற்றிலும் எல்லை கொண்ட அடைப்பாகப் பார்த்தால் 'இன்'. 'அட் தி பஸ் ஸ்டாப்', 'ஆன் தி ரூஃப்', 'இன் தி ரூம்' என்பவற்றில் இது தெளிவாகவே இருக்கிறது. ஒரே இடத்தைச் சந்திப்புப் புள்ளியாக நினைத்தால் 'அட் தி ஏர்போர்ட்' என்றும், கட்டடத்தின் உட்புறத்தை அழுத்தினால் 'இன் தி ஏர்போர்ட்' என்றும் சொல்லலாம்.

இந்தப் பார்வையின் அழகு 'மரம்' என்ற சொல்லில் நன்றாகத் தெரியும். காகம் மரத்தில் இருக்கிறது, மாங்காயும் மரத்தில் இருக்கிறது என்று நாம் சொல்வோம். ஆங்கிலத்தில் காகம் 'இன் தி ட்ரீ', மாங்காய் 'ஆன் தி ட்ரீ'. கிளைகளும் இலைகளும் சூழ்ந்த கூட்டுக்குள் காகம் வந்து அமர்கிறது. மாங்காயோ மரத்தின் உறுப்பாக அதன் மேல் காய்த்துத் தொங்குகிறது. அதேபோல் அறையின் மூலை நம்மைச் சூழ்ந்திருப்பதால் 'இன் தி கார்னர்'. தெருமுனை ஒரு புள்ளி என்பதால் 'அட் தி கார்னர்'. கையில்லாத பெஞ்சில் அமர்ந்தால் 'ஆன் எ பெஞ்ச்', கைப்பிடிகள் இருபுறமும் அணைக்கும் நாற்காலியில் அமர்ந்தால் 'இன் அன் ஆர்ம்சேர்'.

வாகனங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தினமும் பயன்படும் சொற்கள் அவை. காருக்கும் டாக்சிக்கும் ஆட்டோவுக்கும் 'இன்'. பஸ், ரயில், விமானம், கப்பல் ஆகியவற்றுக்கு 'ஆன்'. உள்ளே எழுந்து நின்று நடக்க முடியுமென்றால் 'ஆன்', குனிந்து ஏறி உட்கார மட்டுமே முடியுமென்றால் 'இன்' என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சைக்கிள், பைக், குதிரை ஆகியவற்றின் மேல் அமர்வதால் அவற்றுக்கும் 'ஆன்'தான். பயணத்தின் வழிமுறையை மட்டும் சொல்லும்போது 'பை பஸ்', 'பை ட்ரெயின்', 'பை கார்' என்று வரும். ஆனால் இந்த 'பை' தனக்குப் பின்னால் வெறும் பெயரை மட்டுமே விரும்பும். 'என் காரில்' என்று உரிமை சேர்ந்தவுடன் 'பை' விலகி 'இன் மை கார்' ஆகிவிடும். நடந்து போவதற்கு 'ஆன் ஃபுட்'.

படி 4: 'தி' இல்லாத இணைகளைத் தனியாகப் பழகுங்கள்

'அட் ஹோம்', 'அட் வொர்க்', 'அட் ஸ்கூல்', 'இன் பெட்', 'இன் ப்ரிசன்' போன்றவற்றில் 'தி' வராது. இவை கட்டடத்தைச் சுட்டவில்லை, அங்கே நடக்கும் வாழ்க்கையைச் சுட்டுகின்றன. மாணவி 'அட் ஸ்கூல்' இருக்கிறாள். கட்டணம் செலுத்தப் போன தந்தை 'அட் தி ஸ்கூல்' இருக்கிறார். நோயாளியாகப் படுத்திருப்பவரைப் பிரிட்டன் ஆங்கிலம் 'இன் ஹாஸ்பிடல்' என்றும் அமெரிக்க ஆங்கிலம் 'இன் தி ஹாஸ்பிடல்' என்றும் சொல்லும். 'போ' என்ற வினையோடு வரும் 'ஹோம்' முன்னிடைச்சொல்லையே ஏற்காது: 'கோ ஹோம்' மட்டுமே சரி, 'கோ டு ஹோம்' தவறு. 'ஹியர்', 'தேர்', 'அப்ராட்' ஆகியவற்றுக்கும் இதே நிலைதான்.

படி 5: வினையும் பெயரும் பிரியும் இடத்தைக் கண்டுகொள்ளுங்கள்

இதுவரை பார்த்தவை பெயருக்கு முன்னால் நிற்பவை. பெயருக்குப் பின்னால் வந்து அடுத்த பெயரோடு இணைப்பவை இன்னும் முக்கியமானவை; படித்தவர்களின் ஆங்கிலத்தில் எஞ்சியிருக்கும் பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன.

முதலில் நம் 'கு' என்ற உருபு ஆங்கிலத்தில் எத்தனையாகச் சிதறுகிறது என்று பாருங்கள். தாமதத்துக்குக் காரணம் என்றால் 'ரீசன் ஃபார்'. தீ விபத்துக்கு மூலகாரணம் என்றால் 'காஸ் ஆஃப்'. கேள்விக்குப் பதில் 'ஆன்ஸர் டு'. பிரச்சினைக்குத் தீர்வு 'சொல்யூஷன் டு'. பயிருக்குச் சேதம் 'டேமேஜ் டு'. திருமணத்துக்கு அழைப்பு 'இன்விடேஷன் டு'. வேலைக்கு விண்ணப்பம் 'அப்ளிகேஷன் ஃபார்'. பொறுமைக்கு எடுத்துக்காட்டு 'எக்ஸாம்பிள் ஆஃப்'. இரண்டுக்கும் வேறுபாடு 'டிஃபரன்ஸ் பிட்வீன்'. ரீசனும் காஸும் தமிழில் ஒரே 'காரணம்' என்றாலும் ஆங்கிலத்தில் ஒன்றின் துணையை மற்றொன்று ஏற்பதில்லை. அதனால் 'ரீசன்' என்ற சொல்லை இனித் தனியாக எழுதிவைக்காதீர்கள். 'ரீசன் ஃபார்' என்று இரட்டைச் சொல்லாகவே எழுதிவையுங்கள்.

அடுத்தது, ஒரே சொல் வினையாக நிற்கும்போது ஒரு விதமாகவும் பெயராக நிற்கும்போது வேறு விதமாகவும் நடந்துகொள்வது. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று தமிழ் சொல்வதால் நாம் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' என்ற வினை தன் செயப்படுபொருளை நேரடியாகத் தொடும்: 'வி டிஸ்கஸ்டு தி பட்ஜெட்'. அதே சொல் 'டிஸ்கஷன்' என்ற பெயராக மாறியவுடன் நேரடியாகத் தொடும் ஆற்றலை இழந்துவிடுகிறது. அப்போது 'டிஸ்கஷன் அபவுட் தி பட்ஜெட்' என்று நடுவில் ஒரு சொல் தேவைப்படுகிறது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பல பிழைகள் ஒரே நாளில் உதிர்ந்துவிடும். 'ரிக்வெஸ்ட் லீவ்' என்பது வினை, 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்பது பெயர். 'விசிட் மதுரை' என்பது வினை, 'எ விசிட் டு மதுரை' என்பது பெயர். 'ஆர்டர் டூ காஃபிஸ்' என்பது வினை, 'அன் ஆர்டர் ஃபார் டூ காஃபிஸ்' என்பது பெயர். 'லாக் எக்ஸ்பீரியன்ஸ்' என்பது வினை, 'லாக் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்பது பெயர். 'எம்ஃபசைஸ்' என்ற வினைக்குப் பின்னால் முன்னிடைச்சொல் எதுவும் வராது. 'எம்ஃபசிஸ்' என்ற பெயருக்குப் பின்னால் 'ஆன்' வரும். அறைக்குள் நுழைவதற்கு 'என்டர் தி ரூம்' போதும். 'என்டர் இன்டு' என்பது ஒப்பந்தம் போன்றவற்றில் இறங்குவதற்கு உரியது.

பண்புச்சொல்லாக மாறும்போதும் துணை மாறக்கூடும். பெருமை என்ற கருத்துக்கு 'ப்ரவுட் ஆஃப்' என்பது பண்புச்சொல், 'ப்ரைட் இன்' என்பது பெயர். ஒருவர் தம்மைக் குறித்தே பெருமைப்பட்டுக்கொள்ளும் வினைக்கு 'ப்ரைட் ஒன்செல்ஃப் ஆன்' என்று 'ஆன்' வருகிறது. ஒரே குடும்பத்தின் மூன்று பிள்ளைகள் மூன்று வீடுகளில் பெண்ணெடுத்ததைப் போன்ற நிலை இது. இங்கே தர்க்கம் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்தால் போதும்.

அலுவலக அறிக்கை எழுதுபவர்களுக்காக இன்னொன்று. எது உயர்ந்தது என்று சொல்ல 'இன்க்ரீஸ் இன்', எவ்வளவு உயர்ந்தது என்று சொல்ல 'இன்க்ரீஸ் ஆஃப்'. விலையில் உயர்வு 'அன் இன்க்ரீஸ் இன் ப்ரைஸ்', பத்து சதவீத உயர்வு 'அன் இன்க்ரீஸ் ஆஃப் டென் பர்சென்ட்'.

படி 6: தமிழில் மறைந்துவிடும் உருபை மீட்டெடுங்கள்

இலக்கணப் புத்தகங்கள் தமிழரை மனதில் வைத்து எழுதப்படாததால் இந்தப் படியை அவற்றில் காண்பது அரிது. 'நான் வீட்டில் குடியிருக்கிறேன்' என்பதில் 'இல்' இருக்கிறது. அதையே பெயரெச்சமாக மாற்றி 'நான் குடியிருக்கும் வீடு' என்று சொன்னவுடன் அந்த 'இல்' காணாமல் போய்விடுகிறது. தமிழுக்கு அது குறையே அல்ல. கேட்பவர் உறவைத் தாமாகவே புரிந்துகொள்வார். ஆங்கிலம் அதைத் தொலைக்க அனுமதிக்காது. 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' என்று கடைசியில் 'இன்' நின்றே தீர வேண்டும். 'நான் வந்த பஸ்' என்பது 'தி பஸ் ஐ கேம் ஆன்'. 'அவர் பேசிக்கொண்டிருந்த ஆள்' என்பது 'தி மேன் ஹி வாஸ் டாக்கிங் டு'.

ஒரு மேசையின் முன் அமர்ந்து இதைச் சோதித்துப் பாருங்கள். எழுதப் பேனா வேண்டும், எழுதத் தாள் வேண்டும், எழுத நோட்டு வேண்டும், எழுத ஒரு தலைப்பு வேண்டும். நான்குக்கும் தமிழில் 'எழுத' என்ற ஒரே சொல். ஆங்கிலத்தில் பேனா 'டு ரைட் வித்', தாள் 'டு ரைட் ஆன்', நோட்டு 'டு ரைட் இன்', தலைப்பு 'டு ரைட் அபவுட்'. பேனாவால் எழுதுகிறோம், தாளின் மேல் எழுதுகிறோம், நோட்டுக்குள் எழுதுகிறோம், தலைப்பைப் பற்றி எழுதுகிறோம். அதாவது பெயரெச்சத்தையோ எச்சத்தையோ முழு வாக்கியமாக விரித்து, மறைந்த உருபை வெளியே கொண்டுவந்து, அதற்குரிய ஆங்கிலச் சொல்லை வாக்கியத்தின் இறுதியில் வைக்க வேண்டும். முன்னிடைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று பள்ளியில் கேள்விப்பட்டவர்கள் தயங்க வேண்டாம். அன்றாட ஆங்கிலத்தில் அது இயல்பான, சரியான அமைப்பு.

முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் வினை வர நேர்ந்தால் அது பெயராக மாறி 'இங்' ஈறு பெற்றே வரும். 'இன்டரஸ்ட் இன் லேர்னிங்' சரி. 'இன்டரஸ்ட் இன் லேர்ன்' தவறு.

படி 7: துணை மாறினால் பொருள் மாறும் இணைகள்

குறித்த நேரத்துக்குச் சரியாக வந்தால் 'ஆன் டைம்'. காலம் கடந்துபோகும் முன் வந்து சேர்ந்தால் 'இன் டைம்'. போகும் வழியில் என்றால் 'ஆன் தி வே', வழியை மறித்துக்கொண்டு என்றால் 'இன் தி வே'. ஆகவே 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்ல நினைத்து இரண்டாவதை எழுதிவிடாமல் கவனமாக இருங்கள். மாத இறுதியில் என்பது 'அட் தி எண்ட் ஆஃப் தி மன்த்', கடைசியில் ஒருவழியாக என்பது 'இன் தி எண்ட்'. தவறுதலாகச் செய்தது 'பை மிஸ்டேக்', வேண்டுமென்றே செய்தது 'ஆன் பர்பஸ்'. பணமாகக் கொடுத்தால் 'இன் கேஷ்', காசோலையாகக் கொடுத்தால் 'பை செக்'. நம் ரசீதுகளில் அடிக்கடி காணும் 'பை கேஷ்' என்பதை மாற்றிக்கொள்வது நல்லது.

படி 8: காதுக்கு நம்பிக்கை வைக்காமல் நோட்டில் எழுதுங்கள்

ஆங்கிலத் தொடர்களை மணிக்கணக்கில் கேட்டும் இந்தச் சொற்கள் ஏன் பதியவில்லை என்று கற்பவர்கள் வருந்துவதுண்டு. பேச்சில் 'அட்', 'ஃபார்', 'டு', 'ஆஃப்' ஆகியவை அழுத்தம் பெறுவதில்லை. உயிரொலி மங்கி, காற்றைப் போல நழுவிப் போய்விடும். 'கப் ஆஃப் டீ' என்பது காதில் 'கப்ப டீ' என்றே விழும். ஆகவே கேட்பதோடு, எழுத்து வடிவத்தைப் பார்த்தபடியே கேட்பது அவசியம். வசன வரிகளோடு பார்ப்பது இதற்கு மிக உதவும்.

நோட்டில் முன்னிடைச்சொல்லைத் தலைப்பாக வைக்காதீர்கள். பெயர்ச்சொல்லைத் தலைப்பாக வைத்து அதன் முன்னும் பின்னும் வருபவற்றை எழுதுங்கள். 'லீவ்' என்ற தலைப்பின் கீழ் 'ஆன் லீவ்', 'லீவ் ஃபார் டூ டேஸ்', 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்று மூன்று வரிகள் போதும். ஒரு நாளைக்கு இரண்டு பெயர்ச்சொற்களுக்கு மேல் வேண்டாம். ஆனால் அந்த இரண்டையும் அன்றைக்கே உங்கள் சொந்த வாக்கியத்தில் பயன்படுத்திவிட வேண்டும்.

படி 9: ஒரு கடிதத்தைத் திருத்திப் பாருங்கள்

நம்மில் பலரும் எழுதக்கூடிய விடுப்பு மின்னஞ்சல் இது: 'ஐ ஆம் சஃபரிங் வித் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ். ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ் ஆன் நெக்ஸ்ட் மண்டே. ஐ வில் பி இன் லீவ், பட் வி கேன் டிஸ்கஸ் அபவுட் தி ரிப்போர்ட் இன் ஃபோன்.'

சொல் சொல்லாகப் பார்ப்போம். நோயால் துன்பப்படுவதற்கு 'சஃபர் ஃப்ரம்' என்பதே இணை. 'இரண்டு நாளாக' என்பதில் 'ஆக' இருப்பதால் 'ஃபார் டூ டேஸ்'. அதற்கேற்ப வினையும் 'ஐ ஹேவ் பீன் சஃபரிங்' என்று மாற வேண்டும். 'ரிக்வெஸ்ட்' இங்கே வினை என்பதால் 'ஃபார்' தேவையில்லை. 'நெக்ஸ்ட்' வந்துவிட்டதால் 'ஆன்' போகிறது. ஆனால் விடுப்பு என்ற நிலைக்கு உரியது 'ஆன்' என்பதால் அடுத்த வாக்கியத்தில் அது வந்து சேர்கிறது. 'டிஸ்கஸ்' வினை, ஆகவே 'அபவுட்' நீங்குகிறது. தொலைபேசிக்கு 'ஆன் தி ஃபோன்'.

திருத்திய வடிவம் இதோ: 'ஐ ஹேவ் பீன் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் ஃபார் டூ டேஸ். ஐ ரிக்வெஸ்ட் லீவ் நெக்ஸ்ட் மண்டே. ஐ வில் பி ஆன் லீவ், பட் வி கேன் டிஸ்கஸ் தி ரிப்போர்ட் ஆன் தி ஃபோன்.' இப்போது நீங்கள் கடைசியாக அனுப்பிய ஐந்து மின்னஞ்சல்களைத் திறந்து, ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் அடியிலும் கோடிட்டு, அதன் இரு புறமும் நிற்பவற்றை இதேபோல் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.